கையை விடாத தண்ணீர்

வேதியியலில் எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்தான். ஒன்று, தண்ணீரின் சூத்திரம். இன்னொன்று, அதை நடத்தும் டீச்சர். இரண்டாவதைக் கல்யாணம் செய்துகொண்டேன். முதலாவது என்னை இப்படிப் பழிவாங்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். தலையில் தொப்பி, கழுத்தில் விசில், தொண்டையில் நிரந்தரக் கரகரப்பு. மனைவி அதே பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு வேதியியல் டீச்சர். எங்களுக்கு மகள் பிறந்ததும் அவள் நீண்ட விடுப்பில் போனாள். அவளுக்குப் பதிலாக ஆள் தேடிப் பார்த்து, எவரும் அகப்படாமல், தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

தலைமையாசிரியை அடிப்படையில் கணக்கு டீச்சர். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொன்னவர்களையும் நான் நம்பியதில்லை.

“மாஸ்டர், உங்க வீட்லயே கெமிஸ்ட்ரி இருக்கு. மூணு வாரம் டென்த் பி-யைப் பாத்துக்குங்க. ஒரே ஒரு பாடம். மூலக்கூறுகள்.”

“மேடம், எனக்கும் கெமிஸ்ட்ரிக்கும் ஏழாம் பொருத்தம். முப்பத்தஞ்சு மார்க் வாங்கித் தப்பிச்சவன் நான்.”

“தெரியலைன்னா வீட்ல கேட்டுக்குங்க. அதுல என்ன கௌரவக் குறைச்சல்?” கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால், பேச்சு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். “மூணு வாரம் முடிஞ்சதும் நானே டெஸ்ட் வைப்பேன். பாதிப் பேராவது பாஸ் பண்ணலைன்னா, டென்த் பி-யோட ரெண்டு கேம்ஸ் பீரியடையும் கெமிஸ்ட்ரிக்கு எடுத்துக்க வேண்டியதுதான். வருஷக் கடைசி வரைக்கும்.”

ஒன்பதாம் வகுப்பின் கேம்ஸ் பீரியடைக் கணக்கு தின்றுவிட்டது. பத்து ஏ-யின் பீரியடை இங்கிலீஷ் தின்றுவிட்டது. யானை வாயில் போன கரும்பு திரும்பி வருமா? மேல் வகுப்புகளில் எனக்கென்று மிச்சமிருந்தது பத்து பி மட்டும்தான். செவ்வாய்க்கிழமை ஒரு பீரியட், வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். அதுவும் போனால், காலையில் வரிசையை நேராக்கிவிட்டு, நாள் முழுவதும் தொலைந்துபோன தண்ணீர்ப் பாட்டில்களுக்குக் காவல் இருக்கும் ஆளாகிவிடுவேன். நாற்பத்திரண்டு பிள்ளைகளும் காலை முதல் மாலை வரை பெஞ்சிலேயே வேர்விட்டுவிடுவார்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நான் நிஜமாகவே பயந்துபோனேன்.

ஏற்கெனவே என் பீரியடுக்கு வேறொரு எதிரி வந்திருந்தது. முன்பெல்லாம் அட்டெண்டர் இரும்புத் துண்டைச் சுத்தியலால் அடித்து மணி சொல்வார். பந்து கோலை நெருங்கினால், அவரும் சுத்தியலை ஓங்கியபடி ஒரு நிமிடம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் அடிப்பார். போன மாதம் கரண்ட் மணி மாட்டிவிட்டார்கள். அதற்குக் கோலும் தெரியாது, ஆட்டமும் தெரியாது. நேரமானால் ட்ர்ர்ர் என்று கத்தும். “கரண்ட் வந்துடுச்சு, கெளம்புங்க” என்று பிள்ளைகள் சலித்துக்கொண்டே போவார்கள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, பத்துப் பக்கத்துக்கு நோட்ஸ் எழுதிக் கொடுத்தாள்.

“முழுசும் படிச்சுட்டுப் போங்க. சந்தேகம் இருந்தா கேளுங்க.”

“ஒரு சின்னப் பாடம். இதுக்குப் போய் உன்னைக் கேக்கணுமா? நான் பாத்துக்கறேன்.”

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். பன்னிரண்டு வருடம் மைதானத்தில் கத்திப் பழகியவனிடம் இரண்டாம் முறை சொல்லிப் பயனில்லை என்பது அவளுக்குத் தெரியும். நான் இரண்டு பக்கம் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் குழந்தை வாந்தி எடுத்தது. துடைத்து, மடித்து, பையில் வைத்துவிட்டேன்.

முதல் நாள் வகுப்பறையில் நான் பட்ட பாடு நாய் படாது. போர்டில் ஒரு வட்டம் போட்டேன். “இதுதான் அணு” என்றேன். “பந்து சார்” என்றார்கள். மூன்று வட்டங்களை ஒட்டிப் போட்டு, “இதுதான் மூலக்கூறு” என்றேன். “மூணு பந்து சார்” என்றார்கள். இரண்டாம் பெஞ்சில் உயரமான ஒரு பெண் கை தூக்கினாள். மூச்சு விடுவதற்கு முன்பும் ஒரு கேள்வி கேட்டுவிட்டு விடுகிறவள் என்பதால் பள்ளி முழுக்க அவளுக்குச் ‘சந்தேகம்’ என்றே பேர்.

“சார், அணுவெல்லாம் ஏன் ஒட்டிக்கிட்டு நிக்குது? எது பிடிச்சு வச்சிருக்கு?”

நான் மனைவியின் நோட்ஸைப் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே இருந்தது: ‘ஆக்ஸிஜனுக்கு இரண்டு கை, ஹைட்ரஜனுக்கு ஒரு கை என்று வைத்துக்கொள்ளச் சொல்லவும்.’

கையா? அட, கை என்றால் அது என் டிபார்ட்மென்ட் ஆச்சே! ஒரு அணுவுக்குக் கை இருக்கிறதென்றால் அதை ஏன் போர்டில் போட்டுக் கஷ்டப்படுத்த வேண்டும்?

“எல்லாரும் எழுந்திரிங்க. கிரவுண்டுக்கு!”

அன்று அந்த வகுப்பு எழுப்பிய கூச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

உயரப்படி நிறுத்தினேன். நெட்டையானவர்கள் பதினான்கு பேர் ஆக்ஸிஜன். மற்ற இருபத்தெட்டுப் பேர் ஹைட்ரஜன். ஹைட்ரஜனுக்கு ஒரு கைதான் என்பதால் இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொள்ள வேண்டும். ஆக்ஸிஜன் இரண்டு கையையும் நீட்டும். ஆளுக்கொரு ஹைட்ரஜன் இரண்டு பக்கமும் வந்து பிடிக்கும். மூன்று பேர் சேர்ந்தால் ஒரு தண்ணீர் மூலக்கூறு. ஐந்தே நிமிடத்தில் மைதானத்தில் பதினான்கு மூலக்கூறுகள் நின்றன. ‘பொடிசு’ என்று கூப்பிடப்படும் குட்டிப் பெண் ஒருத்தி சந்தேகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, “சார், நான் இனிமே தண்ணி!” என்று கத்தினாள். மூன்று வாரம் போர்டில் போட்டாலும் வராத புரிதல் அந்த ஒரு கத்தலில் இருந்தது.

எனக்கு உற்சாகம் தலைக்கேறியது. அடுத்த வகுப்பில் மீத்தேன் செய்தோம். கார்பனுக்கு நான்கு கை வேண்டும். மனிதனுக்கு ஏது நான்கு கை? கோல்கீப்பர் பையனைப் புல்லில் மல்லாக்கப் படுக்கச் சொல்லி, இரண்டு கையையும் இரண்டு காலையும் விரிக்கச் சொன்னேன். நான்கு ஹைட்ரஜன்கள் ஓடி வந்து ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டன. மாடி ஜன்னலிலிருந்து பார்த்த தலைமையாசிரியை, பையனுக்கு அடிபட்டு விட்டது, தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்து முதலுதவிப் பெட்டியோடு அட்டெண்டரை ஓட விட்டார். அன்றிலிருந்து அவன் பெயர் மீத்தேன்.

அதற்குப் பிறகுதான் நான் ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

“இப்ப தண்ணியைக் கொதிக்க வைக்கப் போறோம்!” என்று சொல்லிவிட்டு நீளமாக விசில் ஊதினேன். என் நீள விசிலுக்குப் பல வருடங்களாக அந்தப் பள்ளியில் ஒரே அர்த்தம்தான்: கையில் இருப்பதை விட்டுவிட்டு ஓடு. நாற்பத்திரண்டு பேரும் பிடித்த கையை விட்டார்கள். நான்கு பக்கமும் சிதறி ஓடினார்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

“ஆஹா! இதுதான் நீராவி!” என்று கை தட்டினேன்.

மூன்று வாரத்தில் இருபது முறையாவது அவர்களைக் கொதிக்க வைத்திருப்பேன். நோட்ஸின் மூன்றாம் பக்கம் என் பையிலேயே, குழந்தையின் வாந்தி வாசனையோடு, படிக்கப்படாமல் கிடந்தது.

திங்கட்கிழமை டெஸ்ட். அன்று மதியமே தலைமையாசிரியை கூப்பிட்டார். மேசையில் நாற்பத்திரண்டு தாள்கள் அடுக்கியிருந்தன.

“மாஸ்டர், நாலாவது கேள்வியைப் படிங்க.”

படித்தேன். ‘தண்ணீர் கொதித்து ஆவியாகும்போது அந்த ஆவியில் இருப்பது என்ன?’

“பதிலைப் படிங்க.”

‘ஹைட்ரஜன் தனியாகவும் ஆக்ஸிஜன் தனியாகவும் இருக்கும்’ என்று முதல் தாளில் இருந்தது. இரண்டாவதிலும் அதேதான். மூன்றாவதில் ஒருவன் படமே போட்டிருந்தான். தொப்பி போட்ட ஒரு ஆள் விசில் ஊத, குட்டிக் குட்டி மனிதர்கள் கையை விட்டுவிட்டு ஓடினார்கள். தொப்பியை நன்றாகவே வரைந்திருந்தான்.

“முப்பத்தொன்பது பேர் இப்படி எழுதியிருக்காங்க. அடுத்த நாலு கேள்வியும் இதை ஒட்டித்தான். மொத்தம் பாஸ் ஒன்பது பேர்.” கண்ணாடியைத் துடைத்தார். “ஆவியும் தண்ணிதான், மாஸ்டர். கணக்கு டீச்சர் எனக்கே தெரியுது. இதை யார் சொல்லிக் குடுத்தாங்க?”

பிள்ளைகள் கவனிக்கவில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் ஒன்றிரண்டு பேர் என்றால் கவனிக்கவில்லை எனலாம். முப்பத்தொன்பது பேர் ஒரே மாதிரி தப்பாக எழுதியிருந்தால், அவர்கள் நன்றாகக் கவனித்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

“நான்தான் மேடம்,” என்றேன். “தப்பு என்னோடது. தண்டனை பசங்களுக்கு வேண்டாம். இன்னொரு தடவை டெஸ்ட் வைங்க.”

அவர் தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தார்.

“எழுதச் சொன்னா ரெண்டு நாள்ல மனப்பாடம் பண்ணி எழுதிடுவாங்க. அது வேண்டாம். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் நான் கிரவுண்டுக்கு வர்றேன். நீங்க கிரவுண்ட்ல நடத்தின பாடத்தைக் கிரவுண்ட்லயே காட்டட்டும். விசிலை மட்டும் என்கிட்ட குடுத்துடுங்க. நான் ஊதுவேன். ஒரு மூலக்கூறு உடைஞ்சாலும் அடுத்த வாரத்துல இருந்து கேம்ஸ் பீரியட் கிடையாது.”

சாயங்காலம் வீட்டுக்குப் போய், வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கேட்கக் கேட்கச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து, மடித்த துணியெல்லாம் கலைந்து, தூங்கிய குழந்தையும் எழுந்துவிட்டது.

“ஏங்க, கொதிச்சா ஹைட்ரஜன் தனியா ஆக்ஸிஜன் தனியா வருமா? பக்கத்துலயே தீ எரியுது. அப்படி மட்டும் வந்திருந்தா நம்ம அடுப்படி என்னைக்கோ கூரையோட பறந்திருக்கும். நீங்க தெனமும் ரெண்டு வேளை டீ கேக்கறீங்க.”

இது எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருடமாக டீ குடிக்கிறேன்.

அவள் என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கொதிக்கும் தண்ணீருக்கு மேலே ஒரு குளிர்ந்த மூடியைப் பிடித்தாள். மூடியின் அடியில் துளித் துளியாகத் தண்ணீர் கோத்தது.

“பாத்தீங்களா? போனதும் தண்ணி, வந்ததும் தண்ணி. நடுவுல யாரும் கையை விடலை.”

“அப்போ கொதிக்கும்போது எதுதான் விலகுது?”

“கூட்டமான பஸ்ஸை நெனச்சுக்குங்க. நீங்க, நான், பாப்பா. மூணு பேரும் கையைப் பிடிச்சிட்டு நிக்கறோம். சுத்தி நிக்கறவங்க தோள் நம்ம மேல இடிக்குது. கையைப் பிடிக்கிறது வேற, தோள் இடிக்கிறது வேற. பஸ் ஸ்டாண்ட் வந்ததும் கூட்டம் கலையுது. கூட்டம் கலைஞ்சா குடும்பம் கலையுமா?”

“கலையாது.”

“அவ்வளவுதான் கொதிக்கிறது. மூணாம் பக்கத்துல இதைத்தான் எழுதியிருந்தேன்.”

நான் தலையைத் தொங்கப்போட்டேன். அவள் விடவில்லை. தண்ணீருக்குள் மின்சாரம் பாய்ச்சினால் மட்டும் கை விட்டுப் போகும், ஹைட்ரஜன் ஒரு பக்கமும் ஆக்ஸிஜன் இன்னொரு பக்கமும் சேரும், ஹைட்ரஜன் இரண்டு மடங்கு வரும், அப்போதும் எதுவும் தனியாக நிற்காமல் ஜோடி ஜோடியாகத்தான் நிற்கும் என்று மீதி ஏழு பக்கத்தையும் நடத்தி முடித்த பிறகுதான் டீ கொடுத்தாள்.

மறுநாள் வகுப்பில் நேராகவே சொல்லிவிட்டேன். “நான் உங்களுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். கொதிச்சா கையை விடக்கூடாது. என்னை மன்னிச்சிடுங்க.”

சந்தேகம் எழுந்தாள். “அப்போ மூணு வாரமா நாங்க கையை விட்டுட்டு ஓடினது?”

“சும்மா ஓடினதுதான். உடம்புக்கு நல்லது.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பஸ் கதையைச் சொன்னேன். மூடி கதையைச் சொன்னேன். கேம்ஸ் பீரியட் எந்த நூலில் தொங்குகிறது என்பதையும் சொன்னேன். சிரிப்பு நின்றது.

“சார், அப்போ எப்பதான் கையை விடணும்?” சந்தேகம்தான்.

“கரண்ட் பாஞ்சா மட்டும்தான்,” என்று ஜன்னல் வழியே மைதானத்தைக் காட்டினேன். “ஹைட்ரஜன் எல்லாம் அந்தக் குழாய்ப் பக்கம்னு வச்சுக்க. ரெண்டு ரெண்டா ஜோடி சேந்து நிக்கும். ஆக்ஸிஜன் எல்லாம் கேட் பக்கம். அதுக்கு ரெண்டு கை இருக்கே, அதனால எதிரும் புதிருமா நின்னு ரெண்டு கையையும் கோத்துக்கும். ஆனா அதெல்லாம் அடுத்த பாடம். வெள்ளிக்கிழமைக்கு நமக்குக் கொதிச்சாப் போதும்.”

கொதிப்பதுதான் வரவில்லை. செவ்வாய்க்கிழமை கேம்ஸ் பீரியடில் விசில் ஊதினேன். பதினான்கு மூலக்கூறில் பதினொன்று உடைந்தது. புதன்கிழமை ஒன்பது. வியாழக்கிழமை தொண்டை கிழியக் கத்தியும் ஐந்து உடைந்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஏண்டா, மூளைக்குப் புரியுது, கைக்குப் புரியலையா?”

பொடிசு பயந்துகொண்டே சொன்னாள். “சார், விசில் கேட்டா கை தானா விட்டுடுது. நாங்க விடறதில்ல.”

பழக்கிவிட்டவன் நான். அதை என்னால் மறுக்க முடியவில்லை. கோபம் அப்படியே என் பக்கம் திரும்பிக்கொண்டது. அன்று யாரையும் திட்டாமல் வகுப்புக்கு அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். தலைமையாசிரியை குடை, நோட்டு, பேனாவோடு வந்தார். என் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி, கைக்குட்டையால் மூன்று முறை துடைத்து, தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பிறகு தலைகளை எண்ணினார்.

“நாற்பத்தொண்ணு. ஒண்ணு குறையுதே?”

ஒரு ஹைட்ரஜனுக்குக் காய்ச்சல். சந்தேகத்தின் ஒரு கையை வழக்கம்போலப் பொடிசு பிடித்திருந்தாள். இன்னொரு கை காற்றில் நீண்டபடி இருந்தது.

“அது பாதித் தண்ணியால்ல இருக்கு,” என்றார் தலைமையாசிரியை. “மாஸ்டர், நீங்க போய் நில்லுங்க.”

“நானா? மேடம், நான் ஹைட்ரஜன் சைஸ் இல்லை.”

“நில்லுங்க.”

நின்றேன். இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்தேன். வலது கையைச் சந்தேகம் பிடித்துக்கொண்டாள். எங்கள் மூவரையும் பார்த்து மீத்தேன் சிரித்த சிரிப்பில் அவனுடைய மூலக்கூறே ஆடியது.

தலைமையாசிரியை ஒவ்வொரு மூவரிடமும் போய் வரிசை எண்ணைக் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதினார். எனக்கு எண் இல்லாததால் ‘மா’ என்று எழுதிக்கொண்டார். பிறகு நடுவில் போய் நின்றார்.

“ஐஸ்!” என்றார். பதினான்கு மூலக்கூறும் இடைவெளி பிசகாமல் வரிசையில் உறைந்து நின்றன.

“தண்ணி!” என்றார். வரிசை கலைந்து, தோளோடு தோள் இடித்தபடி ஒருவரையொருவர் சுற்றி வந்தோம். பஸ் நெரிசல்தான்.

பிறகு சொல்லாமல் கொள்ளாமல் விசிலை வாயில் வைத்து, நீளமாக, என்னைவிட நீளமாக ஊதினார்.

பன்னிரண்டு வருடமாக அந்த விசிலை நான் ஊதியிருக்கிறேனே தவிர, எதிரே நின்று கேட்டதில்லை. அப்படி ஒரு சத்தம் அது. முதுகுத்தண்டு நிமிர்ந்தது. கால் கிளம்பியது. சத்தியமாகச் சொல்கிறேன், என் விரல்கள் தாமாகவே பிரிந்தன.

“சார், விடாதீங்க!”

சந்தேகம் என் மணிக்கட்டை இரும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் பொடிசு இழுத்தாள். நான் ஓடினேன் என்பதைவிட என்னை இழுத்துக்கொண்டு ஓடினார்கள் என்பதே சரி. சுற்றிலும் மும்மூன்று பேராக எல்லாத் திசையிலும் ஓடிக்கொண்டிருந்தார்கள். குழாயடிச் சேற்றில் மீத்தேன் வழுக்கி விழுந்தான். அவனோடு அவனுடைய இரண்டு ஹைட்ரஜனும் விழுந்தன. மூவரும் சேற்றில் உருண்டார்கள். ஒரு கைகூட விடவில்லை. விழுந்த இடத்திலிருந்தே, “மேடம், உடையலை மேடம்!” என்று கத்தினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓட்டத்தில் புழுதி விழுந்துவிட்டது என்றுதான் பிறகு சொல்லிக்கொண்டேன்.

“குளிரட்டும்!” என்று குட்டையாக ஊதினார். மூச்சு வாங்கத் திரும்பி வந்து நெருங்கி நின்றோம். அவர் நோட்டைப் பிரித்து, ஒவ்வொரு மூவரையும் எண்ணோடு ஒப்பிட்டு டிக் போட்டார். பதினான்கு டிக். ‘மா’-வுக்கும் சேர்த்து.

அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். பேச்சு இன்னும் முடியவில்லை.

“கடைசியா ஒரு கேள்வி,” என்று சந்தேகத்தின் முன்னால் வந்து நின்றார். “நீ சொல்லு. கொதிக்க வச்சும் பிரியலை. குளிர வச்சும் பிரியலை. அப்போ இந்தத் தண்ணியை எப்படித்தான் பிரிக்கிறது?”

வாழ்நாள் முழுவதும் கேள்வி கேட்டே பழகியவள். தன்னை ஒருவர் கேட்டதும் திகைத்துப்போனாள். என் பக்கம் திரும்பினாள். நான் சொல்லிக்கொடுக்க முடியாது. தலைமையாசிரியை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூட மணி அடித்தது. ட்ர்ர்ர்ர்.

சந்தேகத்தின் கண்கள் விரிந்தன. “மேடம், கரண்ட்!” என்று கத்தினாள். “எல்லாரும் கேளுங்க, கரண்ட் வந்துடுச்சு!”

ஒரு விநாடி ஒருவருக்கும் புரியவில்லை. மறு விநாடி எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பதினான்கு மூலக்கூறும் ஒரே நேரத்தில் கையை விட்டன. நெட்டைகள் கேட் பக்கம் பறந்தார்கள். மற்றவர்கள் குழாய்ப் பக்கம் பறந்தார்கள். நான் எங்கே போவது என்று முழித்தேன். “சார், நம்ம இந்தப் பக்கம்!” என்று பொடிசு கூப்பிட, அவள் பின்னால் நானும் ஓடினேன். யாரும் ஒத்திகை பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஜன்னல் வழியாக ஒரே ஒருமுறை சொன்னதுதான். குழாயடியில் இரண்டு இரண்டு பேராகக் கை பிடித்து நின்றோம். கேட்டருகே ஆக்ஸிஜன்கள் எதிரும் புதிருமாக நின்று இரண்டு கையையும் கோத்துக்கொண்டார்கள். அதற்கு மேல் சும்மா இருக்க முடியாமல் அப்படியே சுற்றவும் ஆரம்பித்தார்கள்.

தலைமையாசிரியை பேனாவை நீட்டி இந்தப் பக்கம் எண்ணினார். அந்தப் பக்கம் எண்ணினார். கணக்கு டீச்சர் அல்லவா, மறுபடியும் எண்ணினார்.

“இங்க இருபத்தெட்டு. அங்க பதினாலு. ரெண்டுக்கு ஒண்ணு.” நோட்டை மூடினார். “கணக்கு சரியா இருக்கு.”

பிறகு பொடிசின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கை முதுகுக்குப் பின்னால் மடங்கியபடி, மூச்சிரைக்க நின்ற என்னைப் பார்த்தார்.

“மாஸ்டர், நீங்க இன்னும் அங்க என்ன பண்றீங்க?”

“நான் ஹைட்ரஜன், மேடம்.”

அவர் சிரித்தார். நான் பார்த்தேன். நாற்பத்தொரு சாட்சிகள் இருக்கிறார்கள். குடை கீழே விழும் அளவுக்குச் சிரித்தார். விசிலைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார்.

“செவ்வாய், வெள்ளி. ரெண்டு பீரியடும் உங்களுதுதான். எந்த சப்ஜெக்ட் வந்து கேட்டாலும் என்கிட்ட அனுப்புங்க.”

பிள்ளைகள் போட்ட சத்தத்தில் மணிச் சத்தம் எப்போது நின்றது என்றே தெரியவில்லை. அதைக் கவனித்தவள் ஒரே ஒருத்திதான். கேட் பக்கத்திலிருந்து கை தூக்கினாள்.

“சார், மணி நின்னுடுச்சு. கரண்ட் போயிட்டா நாங்க திரும்பவும் தண்ணி ஆயிடணுமா, இல்ல இப்படியே நிக்கணுமா?”

மைதானமே என்னைப் பார்த்தது. தலைமையாசிரியையும் பார்த்தார். மனைவி நடத்திய ஏழு பக்கத்தையும் மனத்துக்குள் புரட்டிப் பார்த்தேன். இது எந்தப் பக்கத்திலும் இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் என்றால், வாய்க்கு வந்ததைச் சொல்லி ஒரு விசிலும் ஊதியிருப்பேன்.

“எனக்குத் தெரியலைம்மா,” என்றேன். “வீட்ல கேட்டுட்டு வந்து சொல்றேன்.”